முகம் போதாது: ஆறு பழைய படப் பாத்திரங்களை வரைந்த கதை

சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூரில் பழைய திரையரங்கு ஒன்று கல்யாண மண்டபமாகியிருக்கிறது. திரை இருந்த இடத்தில் இப்போது மணமேடை. பால்கனிக்கு ஏறும் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. டிக்கெட் கொடுத்த சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மொய் எழுதுகிறார்கள். முகப்பிலிருந்து பந்திக்கூடத்துக்குப் போகும் நீளமான நடையின் ஒரு பக்கச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. அங்கே மாட்ட, பழைய தமிழ்ப் படங்களின் கதாபாத்திரங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தர வேண்டும் என்று மண்டப உரிமையாளர் கூப்பிட்டார்.

“நடிகர் படம் வேணாம் தம்பி. அது ஊரெல்லாம் இருக்கு. எனக்குக் கேரக்டர் வேணும். நாகேஷ் வேணாம், தருமி வேணும். கீழ பேரும் எழுதாதீங்க. பந்திக்குப் போறவங்க பார்த்துட்டு அவங்களே சொல்லட்டும்.”

இந்த வகை ஓவியத்தின் மொத்தச் சிக்கலும் அவர் சொன்ன இந்த நாலு வரிக்குள் இருக்கிறது. தருமிக்கும் நாகேஷுக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் ஒன்றுதான். பின்னே எதை வரைந்தால் தருமி, எதை வரைந்தால் நாகேஷ்? ஆறு ஓவியங்களும் முடிந்து சுவரில் ஏறிவிட்டன. எந்த முடிவை எதனால் எடுத்தேன், மாட்டிய பிறகு பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் ஓவியர்களுக்கு உதவும்.

எந்த ஆறு பேர்

பேசிப் பேசி முடிவானவர்கள் இவர்கள்: ‘ஔவையார்’ (1953) படத்தின் ஔவை, ‘ரத்தக்கண்ணீர்’ (1954) மோகன், அதே ஆண்டு வந்த ‘அந்த நாள்’ ராஜன், ‘மாயா பஜார்’ (1957) கடோத்கஜன், ‘திருவிளையாடல்’ (1965) தருமி, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஜில் ஜில் ரமாமணி. முதல் நான்கும் கறுப்பு வெள்ளை, கடைசி இரண்டும் வண்ணம்.

ரமாமணி வேண்டும் என்பதில் உரிமையாளர் விட்டுக்கொடுக்கவே இல்லை. மனோரமா வளர்ந்தது பக்கத்துப் பள்ளத்தூரில். “எங்க ஊர்ப்பக்கத்து ஆச்சி இல்லாம சுவரா?” என்றார். கட்டபொம்மனைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னது நான். அவர் உண்மையாக வாழ்ந்து 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட மனிதர். 1959இல் படம் வந்ததிலிருந்து தமிழர் மனதில் அவருக்குச் சிவாஜியின் முகம்தான். அதை வரைந்தால் வரலாற்றையும் படத்தையும் ஒரே கித்தானில் போட்டுக் குழப்பியதாகிவிடும். அது தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

படத்தை நிறுத்திப் பார்ப்பதில் உள்ள சிக்கல்

திரைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்களுக்கு இரண்டு வழி சட்டென்று கிடைக்கும். ஒன்று, விளம்பரத்துக்காக எடுத்த ஸ்டில். இன்னொன்று, படத்தை ஓடவிட்டு நடுவில் நிறுத்திக் கிடைக்கும் காட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படியே பார்த்து எழுதக் கூடாது என்பது என் கட்சி.

ஸ்டில் எடுக்கும்போது ஷாட் முடிந்திருக்கும். நடிகரை நிறுத்திவைத்து ஸ்டில் கேமராக்காரர் தனியாக எடுப்பார். அந்த நேரத்தில் அவர் வேஷத்தோடு நிற்கிற நடிகர். பாத்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஓடுகிற படத்தை நிறுத்தினாலோ வேறு தொல்லை. ஒரு நொடிக்கு 24 சட்டகம். எதில் நிறுத்தினாலும் வாய் ஒரு எழுத்தின் பாதியில் நிற்கும், கை கலங்கியிருக்கும், இமை கால்வாசி மூடியிருக்கும். ஓடும்போது நாம் பார்த்த முகம் அந்தத் தனிச் சட்டகம் எதிலும் இருக்காது. பல சட்டகங்களை மனம் சேர்த்துக் கட்டிய முகம் அது.

அதனால் இப்படிச் செய்தேன். ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுக் காட்சியைப் பார்ப்பது. பிறகு திரையை அணைத்துவிட்டு, நினைவில் நிற்பதைக் கரித்துண்டால் கோட்டுச்சித்திரமாகப் போடுவது. மறுபடியும் காட்சியைப் பார்த்து, நினைவு எங்கே கூட்டியிருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று ஒப்பிடுவது. நினைவு கூட்டிய இடங்களை நான் அழிப்பதில்லை. பார்வையாளர் மனதிலும் அதே இடம்தான் பெரிதாக இருக்கும்.

ஆடை, அணி, தலைக்கட்டு போன்ற விவரங்களுக்கு அந்தக்காலப் பாட்டுப் புத்தகங்களும் விளம்பர நோட்டீஸ்களும் பெரிய துணை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை நிறைய இருக்கின்றன. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தொகுப்பைச் சேர்த்த ரோஜா முத்தையா, காரைக்குடி பக்கத்துக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் பழைய பேப்பர்க் கடையில் போட்டதையெல்லாம் அவர் வாங்கி அடுக்கிவைத்ததால்தான் இன்றைக்கு என்னைப்போன்ற ஒருவருக்கு 1950களின் ஒரு நோட்டீஸைக் கண்ணால் பார்க்க முடிகிறது. தூரிகை பிடித்த ஒருவர் அடுத்த தலைமுறைத் தூரிகைக்காரர்களுக்குச் செய்த உதவி அது.

கோட்டுச்சித்திரங்கள் சேரச் சேர ஒரு விஷயம் புலப்பட்டது. பழைய படங்களின் சட்டகம் அகலவாக்கில் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. உருவ ஓவியமோ நிமிர்ந்து நிற்பது. என் கித்தான் மூன்றடி அகலம், நாலடி உயரம். குளோசப்பில் முகம் கழுத்தோடு முடிந்துவிடும். நிமிர்ந்த கித்தானில் முகத்துக்குக் கீழே பாதிக்கு மேல் இடம் காலியாக நிற்கும். தோள், மார்பு, மடி, முக்கியமாகக் கை, இவையெல்லாம் எங்கிருந்து வரும்? குளோசப்பில் கிடையாது. அவற்றுக்காகத் தூரத்து ஷாட்டுகளுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே போய்ப் பார்த்தபோதுதான் உரிமையாளரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. முகம் நடிகரோடு படத்துக்குப் படம் போகிறது. தோளைத் தூக்கும் விதமும் கை ஒரு பொருளைப் பிடிக்கும் விதமும் அந்த ஒரு பாத்திரத்தோடு நின்றுவிடுகின்றன.

சாவித்திரிக்குள் கடோத்கஜன்

இதற்குச் சான்று வேண்டுமென்றால் ‘மாயா பஜார்’ போதும். கே.வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ். கதைப்படி அவன் மாயையால் கதாநாயகி வத்சலாவின் உருவமெடுத்துக் கல்யாண வீட்டுக்குள் போய்விடுவான். வத்சலா சாவித்திரி. ஆக, பாதிப் படத்துக்கு மேல் சாவித்திரி இரண்டு வேலை செய்கிறார்: நிஜ வத்சலா ஒன்று, வத்சலா உருவில் இருக்கும் கடோத்கஜன் இன்னொன்று. முகம் அதே முகம், நகை அதே நகை. ஆனாலும் எது யார் என்று சின்னப் பிள்ளைகூடத் தவறாமல் சொல்லும். நடையை அகட்டி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, கையை இடுப்பிலிருந்து விலக்கி, ரங்காராவின் மொத்தக் கனத்தையும் அந்த அம்மா தன் உடம்புக்குள் இறக்கியிருப்பார். பாத்திரம் முகத்தில்தான் இருக்கிறது என்றால் இது நடக்கவே நடக்காது.

ஆகவே கடோத்கஜன் ஓவியத்தை இரட்டையாகச் செய்தேன். ஒரே சட்டத்துக்குள் இரண்டு பலகை. இடதுபுறம் ரங்காராவின் உடல், வலதுபுறம் சாவித்திரியின் உடல். இரண்டிலும் ஒரே தோள் சாய்வு, ஒரே முழங்கை விரிப்பு. இரண்டு முகங்களையும் முடிக்காமல் வைத்துவிட்டு, முதலில் தோள்கோட்டைத்தான் ஒத்துவரும்வரை திருத்தினேன். இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

நிறம் இல்லாத படத்துக்கு நிறம்

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வரையும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: “சேலை என்ன கலர்னு எப்படித் தெரியும்?” தெரியாது. சாம்பல் நிறம் எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டும் சொல்லும். ஒரு சிவப்புச் சேலையும் ஒரு பச்சைச் சேலையும் படச்சுருளில் ஒரே சாம்பலாக விழலாம். அந்தக் காலத்தில் துணியையும் அரங்கையும் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்ததைவிட, படச்சுருளில் எப்படி விழும் என்று பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். ‘மாயா பஜார்’ தெலுங்குப் பதிப்புக்கு 2010இல் கணினி வழியாக வண்ணம் சேர்த்து வெளியிட்டார்கள். அந்த வண்ணங்கள் அதைச் செய்தவர்களின் தேர்வு. மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த நாளில் செட்டில் இருந்த வண்ணங்கள் அவைதான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அதைப் பின்பற்றவில்லை.

நான் பிடித்துக்கொண்டது வெளிச்சத்தை. முதலில் ரா அம்பர் என்னும் பழுப்பு மண் நிறமும் டைட்டேனியம் வெள்ளையும் கலந்த சாம்பலில் முழு ஓவியத்தையும் முடிப்பது. ஐவரி கறுப்பை வெள்ளையோடு கலந்தால் சாம்பல் நீலம் பாய்ந்துவிடும். அதன்மேல் தோல் நிறம் பூசினால் முகம் செத்துப்போகும். ரா அம்பர் சாம்பலில் கொஞ்சம் சூடு இருக்கும். அது நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயில் மிக நீர்க்கக் கரைத்த நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய படலமாகப் பூசுவது. கீழே இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் மறையாது. நிறம் அதன்மேல் தங்கும். எட்ட நின்று பார்த்தால் வண்ண ஓவியம், கிட்டே வந்தால் பழைய படத்தின் ஒளி.

பேனர் எழுதிய பெரியவர்கள் இதற்கு நேர் எதிர்வழியில் போனார்கள். சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி, முகத்தில் ரோஸ், பச்சை, நீலம் என்று அடித்து விளாசுவார்கள். அண்ணாசாலையில் பஸ்ஸில் போகிறவன் கண்ணை ஒரு நொடியில் இழுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும். அதற்கு அதுதான் சரியான வழி, மகத்தான வழி. எம்.எப். உசேன்கூட இளமையில் பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவர்தான். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை அழித்தது தமிழ்நாட்டு ஓவியத்துக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டம். ஆனால் என் ஓவியம் இருக்கப்போவது ஐந்தடி அகல நடையில், மக்கள் கையெட்டும் தூரத்தில். அங்கே பச்சைக் கன்னம் நிற்காது.

தோல் நிறத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அந்தக்காலப் படங்களில் பான்கேக் என்னும் ஒப்பனைப் பூச்சும் கடும் விளக்கும் சேர்ந்து எல்லோரையும் சிவப்பாக்கிவிடும். மதுரை வெயிலில் அலையும் ஏழைப் புலவனுக்கு ரோஸ் நிறக் கன்னம் எங்கிருந்து வரும்? பூச்சுக்குக் கீழே இருந்த நம் ஊர்த் தோலையே வரைந்தேன். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்புகள், நிழலில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். வண்ணப்படங்களான தருமிக்கும் ரமாமணிக்கும்கூடத் திரையில் இருந்த தோல் நிறத்தை எடுக்கவில்லை.

தருமியின் கட்டைவிரல்

தருமி என்றதும் எல்லோர் காதிலும் விழுவது மண்டபத்தில் தனியாக நின்று ஆயிரம் பொன்னுக்காகப் புலம்பும் குரல். வாய் திறந்து, கழுத்து நீண்டு, கண் பிதுங்கும் அந்த முகத்தை வரைவது சுலபம். ஆயிரம் மீம்களில் அது இருக்கிறது. ஆனால் சுவரில் மாட்டிய ஓவியம் கத்திக்கொண்டே இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் பார்ப்பவருக்கு அலுத்துவிடும்.

கதையில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் வேறு. பாட்டை இறைவன் கொடுத்துவிட்டார், அரசவைக்கு இன்னும் போகவில்லை. கையில் இருப்பது குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, ‘கொங்குதேர் வாழ்க்கை’. சங்க இலக்கியத்தின் மிக அழகான பாட்டுகளில் ஒன்று, அதைப் பிடித்திருக்கும் ஆளுக்கு அது தன் பாட்டு இல்லை என்று தெரியும். வறுமையும் ஆசையும் பயமும் ஒரே நேரத்தில் அவனிடம் இருக்கும் பொழுது அது. படத்தில் நின்று காட்டப்படாத அந்தப் பொழுதைத்தான் வரைந்தேன்.

அதற்கு ஓலையைப் பிடித்திருக்கும் கை சரியாக வர வேண்டும். எழுதிப் பழகிய புலவன் ஓலையை எப்படிப் பிடிப்பான்? இடது உள்ளங்கையில் படுக்கவைத்து, கட்டைவிரலை விளிம்பில் லேசாக ஊன்றி. எழுத்தாணி பிடிக்கும் வலதுகைக்கு வழிவிட்டு. சொந்தப் பாட்டென்றால் அப்படித்தான் பிடித்திருப்பான். தருமி அப்படிப் பிடிக்கவில்லை. கட்டைவிரல் முழுசாக ஓலையின்மேல் ஏறி எழுத்தை மறைக்கிறது, நகக்கண் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்துகிறது, மற்ற நாலு விரலும் அடியில் சுருண்டு பிடித்திருக்கின்றன. வலது கை மேல்துண்டின் நுனியை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. நகக்கண்ணின் அந்த வெளுப்புக்குச் சாம்பல் அடிப்பூச்சின்மேல் நிறம் பூசாமல் விட்டுவிட்டேன்; சுற்றிலும் பர்ன்ட் சியன்னா வந்ததும் அது தானாக வெளுத்தது. முகத்தில் வாய் மூடியிருக்கிறது. கண் ஓலையைப் பார்க்கவில்லை, வலதுபக்கம், அரண்மனை இருக்கும் திசையைப் பார்க்கிறது. நாகேஷின் முகத்தில் இருந்த அம்மைத் தழும்புகளை மறைக்கவில்லை. தூரிகையின் பின்முனையால் ஈர வண்ணத்தில் ஒற்றி எடுத்தேன். நாயகனுக்குரிய முகம் என்று சினிமா அன்று வைத்திருந்த அளவுகோலுக்குள் வராத அந்த முகம்தான் தருமியின் பசியை நம்பவைத்தது.

மோகனைக் கல்யாண மண்டபத்தில் மாட்டலாமா

அதிக யோசனையும் அதிகப் பேச்சும் தேவைப்பட்டது இதற்குத்தான். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை எம்.ஆர். ராதா மேடையில் ஊர் ஊராக நடித்துப் பதப்படுத்தி, பிறகு கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் படமாக்கினார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரன் மோகன், தொழுநோய் வந்து தெருவில் நிற்கிறான். கடைசியில் தன் உருவத்தையே சிலையாக வைக்கச் சொல்கிறான், பார்க்கிறவர்கள் பாடம் கற்கட்டும் என்று. தன்னை உருவமாக்கச் சொல்லித் தானே கேட்கும் பாத்திரம் நம் சினிமாவில் எனக்குத் தெரிந்து வேறில்லை. இந்தத் தொடரில் அவன் இல்லாமல் எப்படி?

உரிமையாளருக்குத் தயக்கம். “மங்கல காரியம் நடக்குற இடம் தம்பி…” என்று இழுத்தார். எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது, காரணம் வேறு. படம் அந்த நோயைத் தீய வாழ்க்கைக்குக் கிடைத்த தண்டனையாகக் காட்டுகிறது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. யாருடைய ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று அது முழுசாகக் குணமாகும் நோய், இந்தியாவில் மருந்தும் இலவசம். அப்படியிருக்க, சிதைந்த முகத்தைப் பயமுறுத்தும் விதமாக வரைந்து ஆயிரம் பேர் கடந்துபோகும் இடத்தில் மாட்டினால், அந்த நோயோடு வாழ்ந்தவர்கள் மேல் இன்னொரு கல்லை எறிந்ததாகிவிடும்.

வழி காட்டியது மறுபடியும் கைதான். ராதா இந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி மரத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயம்பட்டே தேய்கின்றன என்று எடுத்துச் சொன்னவர் அவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியும் காட்டினார். முழங்கையோரம் ஓடும் நரம்பு பழுதானால் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கும். மற்ற விரல்கள் ஓரளவு நேராக இருக்கும்.

மோகனுக்கு அந்தக் கையை வைத்தேன். மடங்கிய இரண்டு விரல், நீட்டிய இரண்டு விரல், ஒரு காலத்தில் சுருட்டுப் பிடித்த நிமிர்வு அந்த நீட்டிய விரல்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது. கோட்டின் கிழிந்த கைமுனையிலிருந்து அந்தக் கை வெளியே வருகிறது. வெளிச்சம் முழுக்கக் கையில். முகம் முக்கால் பங்கு நிழலில். நிழலுக்குள்ளும் ராதா ராதாதான்: ஒரு பக்க உதடு ஏறி, அடுத்த வார்த்தை கீச்சென்று வருமா கரகரவென்று வருமா என்று தெரியாத அந்த இடத்தில் வாய் நிற்கிறது. இந்த ஒரு ஓவியத்துக்கு மட்டும் அடியில் டெர் வெர்ட் என்னும் பச்சை மண் நிறத்தைக் கொடுத்தேன். இடைக்கால இத்தாலிய ஓவியர்கள் தோலுக்கு அடியில் பூசிய நிறம். மேலே எவ்வளவு பழுப்பு பூசினாலும் ஒரு குளிர் மிச்சமிருக்கும்.

முடிந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு உரிமையாளர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பயமா இல்லயே. பாவமாயிருக்கு. மாட்டிருவோம்” என்றார். டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே, நடையின் தொடக்கத்தில் அதற்கு இடம் கொடுத்தோம்.

கோபுலு முதலில் வரைந்த ரமாமணி

ரமாமணியிடம் வரும்போது ஒரு பெரிய ஓவியர் எனக்கு முன்னால் நின்றார். ‘தில்லானா மோகனாம்பாள்’ திரைக்கு வருவதற்குப் பத்தாண்டு முன்பே ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. அதற்குப் படம் போட்டவர் கோபுலு. நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக்காரி மோகனாவுக்கும் வைத்திக்கும் தமிழ் வாசகர்கள் முதலில் பார்த்த உருவம் அவருடைய கோடுகள்தான். மற்ற ஐந்து பாத்திரங்களுக்கும் நான் சினிமாவோடு மட்டும் பேசினால் போதும். இங்கே கோட்டோவியம், அதற்குப் பிறகு மனோரமா, அதற்குப் பிறகு நான் என்று வரிசை.

மனோரமா செய்ததில் ஆச்சரியமானது எது என்றால், நாடகக் கொட்டகையில் ஆடும் பெண் கொட்டகையை விட்டு வெளியே வந்தும் அதை முழுசாகக் கழற்றிவைப்பதில்லை. சாதாரணமாகப் பேசும்போதே கை ஒரு அபிநயத்தைத் தொடங்கும், பாதியில் கூச்சப்பட்டு நிற்கும். வெகுளித்தனமும் தொழில்காரியின் பெருமையும் அந்தப் பாதியில் ஒன்றாக இருக்கின்றன. சண்முகசுந்தரத்தின் நாயனத்தைப் பற்றிப் பேசும் காட்சியைப் பாருங்கள். வார்த்தைகளைவிட அந்தக் கைதான் அதிகம் பேசும். நான் வரைந்தது அதைத்தான். வலது கை முகவாய் உயரத்துக்கு வந்து, விரல்கள் முத்திரைக்குக் கூடப்போகும் நேரத்தில் நின்றுவிட்டன. இடது கை பின்னலின் நுனியைப் பிடித்திருக்கிறது. கண்ணில் மரியாதை. மோகனாவுக்கு இருக்கும் காதலைப்போல் இல்லாமல், பெரிய வித்வானைப் பார்க்கும் சின்னக் கலைஞரின் மரியாதை. சேலைக்கும் ரிப்பனுக்கும் இந்தத் தொடரிலேயே அடர்த்தியான நிறங்களைக் கொடுத்தேன். கொட்டகை விளக்கில் தூரத்திலிருந்து தெரிவதற்காகவே கட்டிய சேலை அது, அடக்கினால் பொய்யாகிவிடும்.

ஔவைக்கு அதிகம் போராட வேண்டியிருக்கவில்லை. கே.பி. சுந்தராம்பாள் 1953இல் ஔவையாக நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்துக்குள். பிறகு 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவையாக வந்து ‘பழம் நீயப்பா’ பாடினார், இந்தமுறை வண்ணத்தில். ஒரே நடிகர், ஒரே பாத்திரம், நடுவில் பன்னிரண்டு ஆண்டு. வேறு யாருக்கும் கிடைக்காத வசதி. முதல் படத்தின் ஒளியையும் இரண்டாவது படத்தின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டேன். திருநீற்றின் வெள்ளையில் சூடு, துணியின் வெள்ளையில் குளிர். அந்த இரண்டு வெள்ளைகளுக்கு நடுவில்தான் முழு ஓவியமும். கோலைப் பிடித்த கை, ஊன்றுவதற்குப் பிடித்ததாக இல்லாமல் நடக்கத் தயாராகப் பிடித்ததாக இருக்கிறது.

‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி நடித்த ராஜன் ரேடியோ என்ஜினீயர். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட நேரத்தை வைத்துப் பின்னிய கதை, பாட்டே இல்லாத படம், எஸ். பாலசந்தர் இயக்கியது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ரேடியோ முகப்பின் மஞ்சள் வெளிச்சம் கீழிருந்து படும்படி, குமிழைத் திருகும் கையோடு ராஜனை அமைத்தேன். இது எந்த ஷாட்டையும் பார்த்து எடுத்ததில்லை.

மாட்டிய பிறகு

பெயர்ப்பலகை இல்லாமல் மாட்டினோம். முதல் முகூர்த்த நாளில் நான் நடையின் ஓரமாக நின்று, வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தருமியைப் பார்த்து எல்லா வயதுக்காரர்களும் தருமி என்றே சொன்னார்கள். காலேஜ் பையன்களும் அப்படியே. அவர்களில் பலர் முழுப் படத்தைப் பார்த்ததில்லை, மீம் வழியாக வந்தவர்கள். வாய் மூடியிருந்தும் அடையாளம் தெரிந்தது. ரமாமணியைப் பார்த்து வயதான பெண்கள் அந்தக் கையைத் தாங்களே செய்துகாட்டிச் சிரித்தார்கள். சாவித்திரி உடலில் இருந்த கடோத்கஜனைக் கண்டு ஒரு பாட்டி தன் பேத்தியிடம் முழுக் கதையையும் அங்கேயே நின்று சொல்லத் தொடங்க, பின்னால் பந்திக்குப் போகும் வரிசை நின்றுபோனது. மோகனைப் பார்த்து “காந்தா” என்று ராதா குரலில் கூப்பிட்டவர்கள் உண்டு. யாரும் முகம் சுளிக்கவில்லை.

ராஜனுக்கு மட்டும் வேறு மாதிரி. கிட்டத்தட்ட எல்லோரும் “சிவாஜி” என்றார்கள். ராஜன் என்று சொன்னவர்கள் படத்தை நன்றாகத் தெரிந்த மிகச் சிலர்தான். எனக்குத் தோன்றும் காரணம் இது: ‘அந்த நாள்’ படத்தில் ராஜனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். அவனுக்கென்று நிலைத்த ஒரு கைவாகை அந்தத் திரைக்கதை வேண்டுமென்றே கொடுக்கவில்லை. படத்துக்கு அது பலம், உருவ ஓவியத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. அப்போது முகம் மட்டுமே மிஞ்சுகிறது, முகம் சிவாஜியுடையது. அதை மாற்றி வரையச் சொல்லி உரிமையாளரும் கேட்கவில்லை, எனக்கும் மனமில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயம் இரண்டு. இந்தியச் சட்டப்படி படத்துக்கும் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1968 படம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. ஸ்டில்லை அப்படியே பெயர்க்காமல் நீங்களாக அமைப்பது கலைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. இரண்டாவது, எண்ணெய் ஓவியத்துக்கு இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், கனமாகப் பூசிய இடமிருந்தால் ஒரு வருஷம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கூடத்து ஆவியும் சமையல் புகையும் நடைவரை வரும். அதனால் இப்போதைக்கு ரீடச்சிங் வார்னிஷ் என்னும் மெல்லிய தற்காலிகப் பூச்சு மட்டும் பூசி, சுவரிலிருந்து கொஞ்சம் காற்றோட்டம் விட்டு மாட்டியிருக்கிறோம். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இருக்காது. அப்போது இறக்கி, தூசி தட்டி, இறுதி வார்னிஷ் போட வேண்டும்.

அடுத்ததாக ரமாமணிக்குப் பக்கத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நாயனத்தை ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், விரல் சிவாஜியுடையது. துளைகளின்மேல் அந்த விரல்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று ஒரு நாதஸ்வர வித்வானிடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.